சரக்கு வாங்குவது போல் புத்தகம் வாங்குவோம்

அரிசி வாங்கப் போகும் வியாபாரி மூடையின் மேல் அச்சடித்திருக்கும் படத்தைப் பார்த்துக் காசு கொடுப்பதில்லை. மூடையைக் குத்தி ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கிறார். குறுநொய் எவ்வளவு, கல் இருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்று தேடுகிறார். இரண்டு அரிசியை வாயில் போட்டுக் கடித்தும் பார்க்கிறார். எந்த மில், எந்தப் போகம் என்று கேட்கிறார. விலை பேசுவது அதற்குப் பிறகுதான்.

அதே வியாபாரி புத்தகக் கடைக்குப் போனால் இந்தப் பழக்கம் எல்லாவற்றையும் வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போகிறார். கொழும்பில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டபத்தில் வழமையாக செப்டெம்பர் மாதம் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்குப் போய்ப் பாருங்கள். கோடி சேர்ப்பதற்கு வழி, ஒரே மாதத்தில் மாற்றம், வெற்றியின் இரகசியம் என்ற வகைத் தலைப்புகளைப் பை நிறைய அள்ளிக் கொண்டு வரும் எமது இளம் வியாபாரிகளைக் காணலாம். அட்டை பளபளக்கிறது, பின்பக்கத்தில் யாரோ புகழ்ந்திருக்கிறார்கள், அவ்வளவு போதும்.

வாசிக்க வேண்டும் என்ற ஆசை நல்லது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிழையான சரக்கு கடையில் கிடந்தால் முதல் மட்டுமே முடங்கும். பிழையான புத்தகம் தலைக்குள் கிடந்தால் கடையே போகலாம். போனதை நான் பார்த்திருக்கிறேன். அதில் எனக்கும் பங்கு உண்டு.

நான் கொடுத்த புத்தகம்

2021 ஆம் ஆண்டு. புறக்கோட்டையில் புடவைக் கடை வைத்திருந்த ஒரு தம்பி ஒரு நாள் லுஹருக்குப் பிறகு என்னிடம் வந்தார். வாப்பா தொடங்கிக் கொடுத்த கடை, நன்றாகவே நடந்து கொண்டிருந்தது. "நானா, முன்னேறுவதற்கு நல்ல புத்தகமொன்று சொல்லுங்களேன்" என்று கேட்டார்.

நான் யோசிக்கவில்லை. அந்த மாதம் வாசித்துச் சந்தோஷப்பட்ட வெளிநாட்டுப் புத்தகமொன்றின் தமிழ் மொழிபெயர்ப்பு மேசையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். பிழை புத்தகத்தினுடையதல்ல, கொடுத்த என்னுடையது. சொந்தக் காசில் வளர்பவர் மெதுவாகத்தான் வளர்வார், பிறர் காசைக் கொண்டு வளரப் பழக வேண்டும் என்பதே அந்தப் புத்தகத்தின் சாரம்.

இரண்டு மாதத்தில் தம்பி வங்கியில் 80 இலட்சம் ரூபா கடன் எடுத்து இரண்டாவது கடையைத் திறந்தார். வட்டி அப்போது 10 வீதமளவில் இருந்தது. ஆனால் அது நிலையான வீதமல்ல, சந்தையோடு ஏறி இறங்கும் வீதம். வட்டி மட்டும் மாதம் ஏறக்குறைய 66,700 ரூபா. கடை அதைத் தாங்கியது. (வட்டி பற்றிய மார்க்கத் தீர்ப்பைச் சொல்வது ஆலிம்களின் பொறுப்பு. நான் இங்கே கணக்கை மட்டும் சொல்கிறேன்.)

2022 வந்தது. ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. வருடம் முடிவதற்குள் வியாபாரக் கடன்களின் வட்டி 25 வீதத்தையும் தாண்டியது. 25 என்றே வைத்துக் கொண்டாலும் அதே 80 இலட்சத்துக்கு மாத வட்டி 166,700 ரூபா ஆகிறது. மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவளவுக்குப் போய்விட்டது. இறக்குமதிப் புடவையை வாங்க முதல் போதவில்லை. வாங்கி வைத்ததையும் விற்க முடியவில்லை. பெற்றோலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற சனம் புடவைக் கடைக்கு எப்படி வரும்?

2023 தொடக்கத்தில் இரண்டாவது கடை மூடப்பட்டது. கடனை அடைக்க வாப்பாவின் காணியில் பாதியை விற்றார்கள். தம்பி என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது.

பிறகு ஆறுதலாக உட்கார்ந்து பேசியபோதுதான் இன்னொன்று தெரிய வந்தது. 2021 இல் அவருடைய உண்மையான பிரச்சினை கடை சிறிதாக இருந்தது அல்ல. ஊர்க் கடைக்காரர்களுக்குக் கடனுக்குக் கொடுத்த சாமான்களின் காசு மாதக்கணக்கில் வராமல் கிடந்ததுதான் பிரச்சினை. அதை அவர் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. நோயைக் கேட்காமல் மருந்து கொடுத்தேன்.

அன்று முதல் யாராவது என்னிடம் புத்தகம் கேட்டால் நான் பின்பற்றும் ஐந்து பாடங்களை இங்கே எழுதுகிறேன்.

முதலாம் பாடம்: கேள்வியை எழுதிவிட்டுப் புத்தகத்தைத் தேடுங்கள்

இந்தப் பாடத்தை நான் என் சொந்தக் கடையிலேயே முன்பு ஒரு தடவை படித்திருந்தேன். படித்ததை மறந்துவிட்டுத்தான் தம்பிக்குப் புத்தகம் கொடுத்தேன்.

2009 ஆம் ஆண்டளவில் எனது சில்லறைக் கடையில் வியாபாரம் நன்றாக இருந்தது, ஆனால் கையில் காசு நிற்கவில்லை. கம்பனிப் பிரதிநிதி பில்லோடு வந்து நின்றால் லாச்சியைத் திறக்கவே மனம் வராது. எனக்கு ஊக்கம் போதவில்லை என்று நினைத்துக் கொண்டேன். ஊக்கம் தரும் புத்தகங்கள் ஆறு வாங்கினேன். ஒவ்வொன்றும் ஒரு வாரத்துக்கு உற்சாகம் தந்தது. எட்டாம் நாள் அதே கடை, அதே லாச்சி.

அப்போது மகள் பத்தாம் ஆண்டில் படித்துக் கொண்டிருந்தாள். அவளுடைய கணக்கீட்டுப் பாடநூல் மேசையில் கிடந்தது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் புத்தகம். சும்மா புரட்டிய போது "எடுப்பனவு" என்ற சொல் கண்ணில் பட்டது. உரிமையாளர் தன் சொந்தத் தேவைக்காக வியாபாரத்திலிருந்து எடுக்கும் காசும் சாமானும் எடுப்பனவு, அது மூலதனத்தைக் குறைக்கும் என்று எழுதியிருந்தது.

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு மகளையும் பக்கத்தில் வைத்துக் கொண்டு கணக்குப் பார்த்தேன். மாத விற்பனை 600,000 ரூபா. மொத்த இலாபம் 15 வீதம், அதாவது 90,000. வாடகை, சம்பளம், மின்சாரம், வாகனச் செலவு எல்லாம் சேர்த்து 48,000. தேறிய இலாபம் 42,000. நான் வீட்டுக்கென்று எடுத்தது எவ்வளவு? சீனி, பால்மா, டின் மீன் என்று கடையிலிருந்து போன சாமான்களையும், கல்யாணம் காட்சிக்குக் கொடுத்ததையும் சேர்த்துப் பார்த்தால் 55,000.

மாதம் 13,000 ரூபா கூடுதல். வருடத்துக்கு 156,000. மூன்று வருடம் இப்படிப் போயிருந்தால் 468,000 ரூபா. கம்பனிகள் தந்த கடன் தவணை அதை மூடி மறைத்துக் கொண்டிருந்தது. மனைவியிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ இவ்வளவு நாளும் நாங்க கடையத்தான் தின்டிருக்கோம்" என்றார்.

அடுத்த மாதத்திலிருந்து எனக்கு நானே 35,000 ரூபா சம்பளம் போட்டுக் கொண்டேன். வீட்டுக்குப் போகும் சாமானுக்கும் அதிலிருந்துதான் காசு. கஷ்டமாகத்தான் இருந்தது. உறவினரிடம் "இந்த மாதம் முடியாது" என்று சொல்லப் பழக வேண்டியிருந்தது. ஆறு புத்தகங்களால் வராத மனவுறுதி, ஒரு பாடசாலைப் புத்தகத்தின் இரண்டு பக்கங்களால் வந்தது. காரணம், அது என் கேள்விக்கான விடை.

ஆகவே முதலில் ஒரு துண்டுக் காகிதத்தில் உங்கள் கேள்வியை ஒரே வசனத்தில் எழுதுங்கள். "முன்னேறுவது எப்படி?" என்பது கேள்வியல்ல, அது ஆசை. கேள்வி இப்படி இருக்க வேண்டும்:

விற்பனை இருந்தும் காசு நிற்பதில்லை, ஏன்? இதற்குக் கணக்கீட்டுப் புத்தகம் வேண்டும்.

வேலைக்கு வரும் பையன்கள் மூன்று மாதத்தில் போய்விடுகிறார்கள், ஏன்? இதற்கு ஆட்களை நடத்துவது பற்றிய முகாமைத்துவப் புத்தகம் வேண்டும்.

எனக்குக் கோபம் வந்தால் வாடிக்கையாளர் முன்னிலையிலேயே கத்திவிடுகிறேன். இதற்கு மனத்தை அடக்குவது பற்றிய புத்தகம் வேண்டும்.

வங்கி முகாமையாளர் முன் உட்கார்ந்தால் வாய் திறப்பதில்லை. இதற்குப் பேச்சுப் பயிற்சி, கடிதம் எழுதுதல் பற்றிய புத்தகம் வேண்டும்.

கேள்வி சரியாக அமைந்தால் எந்தத் தட்டில் தேடுவது என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டாம் பாடம்: இந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்

புதிய வியாபாரி ஒருவர் மலிவாகச் சரக்கு கொண்டு வந்தால் "இது எங்கே எடுத்தது?" என்று கேட்கிறோம். புத்தகத்திடமும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். எழுதியவர் தான் சொல்வதை எங்கே கற்றார்?

இரண்டு பிரபலமான புத்தகங்களை உதாரணமாகப் பார்ப்போம். ஒன்று, டேல் கார்னகி 1936 இல் வெளியிட்ட 'ஹவ் டு வின் ஃபிரண்ட்ஸ் அண்ட் இன்ஃபுளுவன்ஸ் பீப்பிள்'. மனிதரோடு பழகி அவர்களின் மனதை வெல்வது பற்றியது. இவர் இளமையில் பன்றிக் கொழுப்பும் சவர்க்காரமும் உட்படப் பல பொருட்களை ஊர் ஊராக விற்ற விற்பனைப் பிரதிநிதி. 1912 இல் நியூயோர்க்கில் இரவு வகுப்பாகப் பேச்சுப் பயிற்சி தொடங்கினார். அவருக்கு நிலையான சம்பளம் கிடைக்கவில்லை, வருமானத்தில் ஒரு பங்குதான் கிடைத்தது. மாணவருக்குப் பயன் இல்லாவிட்டால் அடுத்த வாரம் அவர்கள் வரமாட்டார்கள், இவருக்கும் சாப்பாடு இல்லை. இருபத்து நான்கு வருடம் அப்படி உரசிப் பார்த்த பிறகு வந்த புத்தகம் அது. சில உதாரணங்கள் இன்று பழையனவாகத் தோன்றலாம். ஆனால் அடுத்தவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேள், பெயரை ஞாபகம் வைத்துக்கொள், தர்க்கித்து வென்று வாடிக்கையாளரை இழக்காதே என்பவை எந்தக் கடைக்கும் பொருந்தும்.

மற்றது, நெப்போலியன் ஹில் 1937 இல் வெளியிட்ட 'திங்க் அண்ட் குரோ ரிச்'. இரும்பு உருக்குத் தொழிலில் பெருஞ்செல்வம் சேர்த்த அன்ட்ரூ கார்னகியே தன்னிடம் செல்வத்தின் இரகசியத்தைச் சொல்லி இந்த ஆராய்ச்சியைச் செய்யத் தூண்டினார் என்று ஹில் எழுதினார். (இவர் மேலே சொன்ன டேல் கார்னகி அல்ல, வேறொருவர்.) அன்ட்ரூ கார்னகி 1919 இலேயே காலமாகிவிட்டார். அந்தச் சந்திப்பு நடந்ததற்கு ஹில்லின் சொல்லைத் தவிர வேறு ஆதாரம் கிடைக்கவில்லை. இதனால் அந்தப் புத்தகத்தில் ஒன்றுமே இல்லை என்று ஆகாது. இலக்கை எழுதி வை, விடாமுயற்சி கொள் என்பது நல்ல புத்திதான். ஆனால் நினைத்தாலே செல்வம் வரும் என்ற பகுதியை எடைபோடும்போது சரக்கின் பிறப்பிடம் ஞாபகத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாம் பாடம்: கடல் கடக்கும் சரக்கும் கடக்காத சரக்கும்

சில சரக்கு எந்த நாட்டுக்கும் போகும். சில சரக்கு அடுத்த துறைமுகத்துக்குப் போவதற்குள் கெட்டுவிடும். புத்தகத்திலும் அப்படித்தான்.

சாமுவேல் ஸ்மைல்ஸ் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1845 இல் லீட்ஸ் நகரத் தொழிலாளி இளைஞர்களுக்கு ஒரு பேச்சுப் பேசினார். பகல் முழுவதும் வேலை செய்து, இரவில் தாங்களே கூடிப் படித்துக் கொண்டிருந்த இளைஞர்கள் அவர்கள். அந்தப் பேச்சிலிருந்து வளர்ந்தது 1859 இல் வெளிவந்த 'செல்ஃப் ஹெல்ப்' என்ற புத்தகம். முதல் வருடத்திலேயே 20,000 பிரதிகள் விற்றது. 1871 இல் நகமுரா மசனாவோ அதை ஜப்பானிய மொழியில் தந்தார். நாட்டையே புதிதாகக் கட்டிக் கொண்டிருந்த ஜப்பானிய இளைஞர்கள் அதை விழுந்து விழுந்து வாசித்தார்கள். இங்கிலாந்துத் தொழிலாளிக்குச் சொன்னது ஜப்பானியருக்கு எப்படிப் பொருந்தியது? அது பேசியது உழைப்பு, பொறுமை, நேரம், சொன்ன சொல் ஆகியவற்றைப் பற்றி.

குணம் பற்றிய புத்தி கடல் கடக்கும். வட்டி, வரி, சட்டம், வாடகை பற்றிய புத்தி கடல் கடக்காது. நான் தம்பிக்குக் கொடுத்த புத்தகத்தில் இரண்டும் கலந்திருந்தன. அமெரிக்காவில் வீட்டுக் கடனை முப்பது வருடத்துக்கு ஒரே வட்டி வீதத்தில் எடுப்பது சாதாரண விடயம். அந்த நாட்டில் வாழ்பவர் "கடனுக்குப் பயப்படாதே" என்று எழுதும்போது அவர் மனதில் இருப்பது அப்படியான கடன். இங்கே தம்பி கையெழுத்திட்டது ஒரே வருடத்தில் இரட்டிப்புக்கு மேல் ஏறக்கூடிய கடனுக்கு. சொல் ஒன்று, சரக்கு வேறு.

அயல் நாட்டுத் தமிழ்ப் புத்தகத்திலும் இந்தக் கவனம் வேண்டும். இந்தியாவில் அச்சான கணக்குப் புத்தகத்தில் "இருப்புநிலைக் குறிப்பு" என்றிருப்பது எமது ஐந்தொகை. "மேலாண்மை" என்பது எமது முகாமைத்துவம். சொல் வேறுபாடு பெரிய விடயமல்ல, பழகிவிடும். ஆனால் அங்குள்ள வரி முறை வேறு, எமது பெறுமதி சேர் வரி வேறு. எமது வரி 2024 ஜனவரியில் 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்தது. அதற்கு முன் அச்சான உள்நாட்டுப் புத்தகத்தில் இருக்கும் உதாரணக் கணக்கும் பழைய வீதத்தில்தான் இருக்கும். ஆகவே வரி, சட்டம் பற்றிய புத்தகமானால் அச்சிட்ட வருடத்தை முதலில் பாருங்கள். பால்மாப் பைக்கற்றில் திகதி பார்ப்பது போல.

நான்காம் பாடம்: மூடையைக் குத்திப் பாருங்கள்

புத்தகக் கடையில் நின்றபடி பத்து நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை இது. அட்டையையும் பின்பக்கப் புகழ்ச்சியையும் விட்டுவிடுங்கள். அவை மூடையின் மேலுள்ள படம்.

ஒன்று, பொருளடக்கத்தைப் பாருங்கள். நீங்கள் காகிதத்தில் எழுதிய கேள்விக்குரிய அத்தியாயம் ஒன்றாவது இருக்கிறதா?

இரண்டு, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து முழுவதும் வாசியுங்கள். முதற் பக்கத்தை எவரும் அழகாக எழுதுவார்கள். சரக்கின் தரம் மூடையின் நடுவில்தான் தெரியும். மொழிபெயர்ப்பு விளங்காவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும். ஒரு பந்தியை மூன்று தடவை வாசித்தும் விளங்கவில்லையென்றால் குறை உங்களுடையதென்று நினைக்காதீர்கள், வைத்துவிடுங்கள்.

மூன்று, ஏதாவது செய்யச் சொல்கிறதா என்று பாருங்கள். நல்ல புத்தகம் வேலை தரும். எழுது, கணக்குப் பார், ஒரு வாரம் இப்படி நடந்து பார் என்று சொல்லும். வெறும் புத்தகம் புகழ்ந்து கொண்டே இருக்கும்.

நான்கு, தோல்வியைப் பற்றி என்ன சொல்கிறது என்று தேடுங்கள். இந்த வழியில் போய் நட்டப்பட்டவர் ஒருவரையும் காட்டாத புத்தகம், நட்டக் கணக்கை மறைத்த ஐந்தொகையைப் போன்றது.

எந்த மொழியில் யோசிக்கிறீர்களோ அந்த மொழியில் வாசிப்பது நல்லது. தமிழில் சொந்தமாகவே எழுதப்பட்ட நூல்களும் உண்டு. நபிமார்கள் வரலாறு எழுதிய தொண்டி எம்.ஆர்.எம். அப்துற்-றஹீம் அவர்களின் முன்னேற்ற நூல்களை எமது வாப்பாமார் விரும்பி வாசித்தார்கள். 'வாழ்க்கையில் வெற்றி' அவற்றில் ஒன்று. எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' பல பதிப்புகள் கண்டது. இவை மனதைத் திடப்படுத்தும் வகை. மனம் சோர்ந்திருப்பதுதான் உங்கள் நோயென்றால் வாசியுங்கள். கணக்குப் பிழைப்பதுதான் நோயென்றால் கணக்கீட்டுப் புத்தகத்தையே வாசியுங்கள்.

ஐந்தாம் பாடம்: வாங்கியதைத் தீர்த்துவிட்டு அடுத்ததை வாங்குங்கள்

பழைய சரக்கு தேங்கிக் கிடக்கும்போது புதுச் சரக்கு எடுப்பவரை நாம் நல்ல வியாபாரி என்று சொல்வதில்லை. ஆனால் வீட்டு அலுமாரியில் பிரிக்காத புத்தகம் பத்து இருக்கும்போது பதினோராவதை வாங்குகிறோம்.

மூன்று மாதத்துக்கு ஒரு புத்தகம் போதும். சுபஹுக்குப் பிறகு கடை திறப்பதற்கு முன் இருபது நிமிடம் வாசியுங்கள். பக்கத்தில் ஒரு கொப்பி இருக்கட்டும். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் "இதில் என் கடையில் செய்யக்கூடியது என்ன?" என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். எழுத ஒன்றுமில்லாத அத்தியாயத்தை மறந்துவிடலாம்.

இதற்கு நல்ல முன்மாதிரி பெஞ்சமின் ஃபிராங்க்ளின். பிலடெல்பியாவில் அச்சுக்கூடமும் எழுதுபொருட் கடையும் நடத்திய வியாபாரி. தன்னிடம் வளர வேண்டிய நற்குணங்கள் பதின்மூன்றைத் தேர்ந்து ஒரு சிறு கொப்பியில் கட்டம் போட்டார். வாரத்துக்கு ஒரு குணத்தில் கூடுதல் கவனம் வைத்து, தவறிய நாளில் ஒரு கரும்புள்ளி வைத்தார். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று, வருடத்துக்கு நான்கு சுற்று. சாமான்களையும் காகிதங்களையும் அதனதன் இடத்தில் வைக்கும் ஒழுங்கு மட்டும் தனக்குக் கடைசி வரை சரியாக வரவில்லை என்று தன் வாழ்க்கை வரலாற்றில் அவரே ஒப்புக் கொள்கிறார். அதை வாசித்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. எனது பில் கட்டுகளைப் பார்த்தவர்களுக்கு ஏனென்று தெரியும்.

இவரிடம் கற்க இன்னொன்றும் உண்டு. புத்தகம் விலை கூடிய அந்தக் காலத்தில், 1731 இல், இவரும் நண்பர்களும் சேர்ந்து ஒரு நூலகம் தொடங்கினார்கள். ஐம்பது பேர் ஆளுக்கு 40 ஷில்லிங் முதலில் போட்டார்கள், பிறகு வருடத்துக்கு 10 ஷில்லிங். அவர்களில் பெரும்பாலோர் இளம் வியாபாரிகளும் தொழிலாளர்களும்.

இன்று எமக்கும் புத்தகம் விலை கூடிய சாமான்தான். ஒரு தெருவில் பத்துக் கடைக்காரர் மாதம் 500 ரூபா வீதம் போட்டால் வருடத்துக்கு 60,000 ரூபா சேரும். தனியாக ஒருவர் வாங்கத் தயங்கும் நல்ல கணக்கீட்டு, முகாமைத்துவ நூல்களை அதில் வாங்கலாம். ஒருவர் வாசித்துவிட்டு மற்றவரிடம் கொடுக்கும்போது "இது எதற்கு உதவியது, எதற்கு உதவவில்லை" என்று உள் அட்டையில் இரண்டு வரி எழுதட்டும். பின்பக்கப் புகழ்ச்சியை விட அந்த இரண்டு வரிக்குப் பெறுமதி கூட. அதுவும் முடியாவிட்டால் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை நூலகங்கள் இருக்கின்றன. பாடசாலைப் பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலிருந்தும் எடுத்துக் கொள்ளலாம். பிள்ளைகளின் புத்தகம் என்று வெட்கப்பட வேண்டாம். வெட்கப்பட்டிருந்தால் எனது கடை இன்று இருந்திருக்காது.

இந்த வாரம் செய்ய வேண்டியது

அந்தப் புடவைக் கடைத் தம்பி அண்மையில் மீண்டும் வந்தார். பழைய கடையைக் காப்பாற்றிக் கொண்டுவிட்டார். கதிரையில் உட்கார்ந்து, "நானா, புத்தகமொன்று வேண்டும்" என்றார். எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. "முதலில் கேள்வியைச் சொல்லுங்க தம்பி" என்றேன். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினார். "கடனுக்குக் கொடுத்த காசு எத்தனை நாளில் திரும்பி வருகிறது என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது?" என்று எழுதியிருந்தது.

2021 இல் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. மகளின் பழைய பாடநூலோடு, உயர்தர மாணவர்களுக்கான கணக்கீட்டுப் புத்தகம் ஒன்றையும் எடுத்துக் கொடுத்தேன். இந்த முறை கொடுப்பதற்கு முன் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

நீங்களும் இந்த வாரம் கடையைப் பூட்டிய பிறகு ஒரு நாள் இரவு கால் மணித்தியாலம் ஒதுக்குங்கள். உங்களை இரவில் தூங்க விடாத ஒரு விடயத்தை ஒரே வசனத்தில் கேள்வியாக எழுதுங்கள். பிறகு உங்கள் அலுமாரியிலுள்ள புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு விடையுள்ள புத்தகம் ஏற்கனவே வீட்டிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு புத்தகக் கடைக்குப் போங்கள்.